இதயக் கதவில் குடியேறும் கிருமி

எமது பெண்கள் தமக்கு வரும் காய்ச்சலை ஒரு நோயாகக் கணக்கெடுப்பதில்லை. பிள்ளைக்கு உடம்பு சுட்டால் இரவோடிரவாக ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்கு ஓடுகின்ற அதே தாய், தனக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். கணவரை இழந்தோ, காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடியபடியோ குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களிடம் இது இன்னும் அதிகம். “நான் படுத்துட்டா பிள்ளையளுக்கு ஆர் சோறாக்கிறது?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கின்றது.

ஆயினும் சில காய்ச்சல்கள் பனடோலுக்கு அடங்கியது போலக் காட்டிக்கொண்டு வாரக்கணக்கில் உடலுக்குள் வேலை செய்யும். அவற்றுள் மிகவும் ஆபத்தான ஒன்று இதய வால்வில் ஏற்படும் கிருமித் தொற்று. அந்த நோயைப் பற்றியும், அதற்கு எதிராக உலகின் சில இடங்களில் பரிசோதிக்கப்பட்டு வரும் ஒரு கூட்டுச் சிகிச்சையைப் பற்றியும், அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்பது பற்றியும் இங்கே பார்ப்போம்.

நான்கு கதவுகள்

எமது இதயத்தில் நான்கு அறைகளும் நான்கு வால்வுகளும் உள்ளன. வால்வு என்பது ஒரு பக்கமாக மட்டும் திறக்கின்ற கதவு. இரத்தம் முன்னே செல்லும்போது திறந்து, அது பின்னே திரும்பாதபடி மூடிக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை இந்தக் கதவுகள் திறந்து மூடுகின்றன.

நல்ல நிலையில் உள்ள வால்வின் மேற்பரப்பு வழுவழுப்பானது. கிருமி இலகுவில் அதில் ஒட்டிக்கொள்ள முடியாது. வால்வு தடித்தோ சுருங்கியோ கரடுமுரடாகிவிட்டால் நிலைமை வேறு. வாவியில் நாட்டிய கம்பில் பாசியும் சிப்பியும் படிவது போல அதில் கிருமிகள் படியத் தொடங்கும்.

வால்வு எப்படிப் பழுதடைகின்றது? பிறவிக் குறைபாட்டினால் சிலருக்கும், முதுமையினால் சிலருக்கும் பழுதடையலாம். எமது நாட்டைப் போன்ற நாடுகளில் இன்னொரு முக்கிய காரணம் உண்டு. அது சிறு வயதில் வந்து, கவனிக்காமல் விடப்பட்ட தொண்டை நோவு. ஸ்ரெப்ரோகொக்கஸ் என்னும் ஒரு வகைப் பற்றீரியாவால் தொண்டை நோவு வந்த பிள்ளைகளில் சிலருக்குச் சில வாரங்களின் பின் மூட்டுக்கள் வீங்கி, காய்ச்சல் வரும். இதனை வாதக் காய்ச்சல் என்பார்கள். கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் சொந்தப் படையே தவறுதலாக இதய வால்வைத் தாக்குவதால் இது நிகழ்கின்றது. பெரும்பாலும் 5 முதல் 15 வயது வரையான பிள்ளைகளையே இது பாதிக்கின்றது. மூட்டு வீக்கம் மாறிவிடும். வால்வில் ஏற்பட்ட வடு மாறாது.

இந்தத் தொண்டைக் கிருமி நெருக்கமாக வாழும் இடங்களில் விரைவாகப் பரவும். எமது பிரதேசத்தைப் பொறுத்தவரை இது சிந்திக்க வேண்டிய விடயம். 2004 டிசம்பர் 26 சுனாமியின் பின்னரும், 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலும் படுவான்கரையிலும் இருந்து மக்கள் இடம்பெயர்ந்தபோதும், பாடசாலைக் கட்டடங்களிலும் தறப்பாள் கொட்டில்களிலும் ஒருவரோடொருவர் ஒட்டிப் படுத்துறங்கிய சிறுமிகள் இன்று தாய்மார். அந்த நாட்களில் உயிர் தப்புவதே பெரிதாக இருந்தது. தொண்டை நோவை எவரும் பொருட்படுத்தவில்லை. வாதக் காய்ச்சலால் வரும் இதய நோய் உலகெங்கும் ஆண்களை விடப் பெண்களையே அதிகம் பாதிக்கின்றது. பல பெண்களுக்குத் தமது வால்வு பழுது என்பது முதன்முதலில் தெரிய வருவதே கர்ப்ப காலத்தில்தான். கர்ப்பிணியின் உடலில் இரத்தத்தின் அளவு கூடுவதால், அதுவரை சமாளித்து வந்த வால்வு அப்போது தடுமாறி, மூச்சு வாங்கத் தொடங்குகின்றது.

கிருமி குடியேறும் விதம்

எமது வாயிலும் தோலிலும் எந்நேரமும் பற்றீரியாக்கள் இருக்கின்றன. சொத்தைப் பல், இரத்தம் கசியும் முரசு, வயலிலோ கரைவலையிலோ பட்ட காயம், கவனிக்காத புண், நீண்ட நாள் ஏற்றப்பட்ட சேலைன் ஊசி ஆகியவற்றின் வழியாக அவை இரத்தத்தில் கலக்கலாம். பெரும்பாலும் உடல் அவற்றை உடனே அழித்துவிடும். ஆனால் பழுதடைந்த வால்வோ செயற்கை வால்வோ உள்ளவரில் ஒரு சில கிருமிகள் அங்கே ஒட்டிக்கொள்ளக்கூடும். நல்ல வால்வையும் தாக்கும் ஸ்ரபிலோகொக்கஸ் போன்ற கொடிய கிருமிகளும் உண்டு.

ஒட்டிக்கொண்ட கிருமிகள் உறைந்த இரத்தத்தால் தம்மை மூடிக்கொண்டு ஒரு கட்டியாக வளரும். பசை போன்ற ஒரு படலத்தையும் தம்மைச் சுற்றிக் கட்டும். வால்வுக்குள் இரத்தக் குழாய்கள் மிகக் குறைவு என்பதால், எமது உடலின் காவல் கலங்களும் உள்ளே போய்ச் சேர்வது கடினம். மருந்தும் கட்டியின் நடுவரை போய்ச் சேர நாளெடுக்கும். இதற்கிடையில் கட்டியின் ஒரு துண்டு உடைந்து இரத்தத்தோடு மூளைக்குச் சென்றால் பாரிசவாதம் வரலாம். வால்வே கிழிந்துபோனால் இதயம் செயலிழக்கலாம்.

1940களில் பென்சிலின் பாவனைக்கு வரும் வரை இந்நோய் வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இறந்தார்கள். இன்று பெரும்பாலானோர் பிழைக்கின்றார்கள். ஆயினும் நல்ல வசதி உள்ள நாடுகளில்கூட ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவர் வைத்தியசாலையிலேயே உயிரிழக்கின்றார். வழமையான சிகிச்சை, நாளத்தின் வழியாக 4 முதல் 6 வாரங்கள் வரை அன்ரிபயோட்டிக் மருந்து ஏற்றுவதாகும். பலருக்குச் சத்திர சிகிச்சையும் தேவைப்படும்.

ஆறு வாரம் என்பதுதான் எமது பெண்களுக்கு இடிக்கும் இடம். இரண்டாவது வாரத்தில் காய்ச்சல் விட்டுவிடும், பசி வரும், எழுந்து நடக்கலாம். அப்போது வீட்டிலிருந்து செய்தி வரும். பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை, மாட்டுக்குத் தண்ணீர் வைக்க ஆளில்லை, சங்கக் கடன் தவணை வந்துவிட்டது என்பார்கள். “துண்டு வெட்டித் தாங்க மிஸ், நான் போகவேணும்” என்று தாதியிடம் கெஞ்சுவார்கள். காய்ச்சல் விட்டது கட்டியின் வெளிப்புறத்தில் இருந்த கிருமிகள் செத்ததால்தான். நடுவில் உள்ளவை இன்னும் உயிரோடு இருக்கும்.

மருந்தை வெல்லக் கற்ற கிருமிகள்

அரைகுறையாக மருந்து எடுத்தால் பலவீனமான கிருமிகள் சாகும். பலமானவை மிஞ்சிப் பெருகும். அடுத்த முறை அதே மருந்து அவற்றிடம் பலிக்காது. தடிமனுக்கும் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் தேவையின்றி அன்ரிபயோட்டிக் விழுங்குவதும், பாமசியில் இரண்டு நாளைக்கு மட்டும் வாங்கிப் பாவிப்பதும், மிச்சக் குளிசையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதும், கோழிப்பண்ணைகளில் மருந்தைக் கலந்து ஊட்டுவதும் இந்த நிலைமையை வளர்க்கின்றன.

2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களின் நேரடி விளைவாக உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் வரை இறந்ததாக, 2022இல் லான்செற் மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இலங்கையிலும் இதனை எதிர்கொள்ள 2017 முதல் 2022 வரையான தேசிய திட்டமொன்று வகுக்கப்பட்டது. இதய வால்வுத் தொற்றில் இப்பிரச்சினை வந்தால் வைத்தியர் கையில் உள்ள ஆயுதங்கள் மிகச் சிலவே. அதனால்தான் மருத்துவ உலகம் நூறாண்டுக்கு முந்திய ஒரு கண்டுபிடிப்பை மீண்டும் தூசு தட்டி எடுத்திருக்கின்றது.

பற்றீரியாவை விழுங்கும் வைரஸ்

வைரஸ் என்றாலே எமக்குக் கொரோனாவும் டெங்கும்தான் நினைவுக்கு வரும். ஆனால் மனிதரைத் தொடாமல் பற்றீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ்களும் உள்ளன. பாடசாலைப் புத்தகங்களில் இவற்றைப் பற்றீரியா விழுங்கி என்பார்கள். உலக வழக்கில் சுருக்கமாக ஃபேஜ் என்று பெயர். இவை மிகமிகச் சிறியவை. ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் ஏறத்தாழ 5000 ஃபேஜ்களை வரிசையாக அடுக்கலாம்.

ஃபேஜ் தனக்குரிய பற்றீரியாவின் மேல் சென்று ஒட்டிக்கொள்ளும். தனது மரபுப் பொருளை அதற்குள் செலுத்தும். உள்ளே அது பல பிரதிகளாகப் பெருகி, இறுதியில் பற்றீரியாவை வெடிக்கச் செய்து வெளியே வரும். வந்தவை அடுத்த பற்றீரியாவைத் தேடிப் போகும். ஒவ்வொரு பூட்டுக்கும் அதற்குரிய சாவி இருப்பது போல, ஒவ்வொரு ஃபேஜும் குறித்த சில பற்றீரியாக்களை மட்டுமே தாக்கும். ஆகவே எமது குடலில் உள்ள நல்ல பற்றீரியாக்களுக்குப் பாதிப்புக் குறைவு. ஆனால் நோயாளியின் கிருமிக்குப் பொருந்தும் சரியான ஃபேஜைத் தேடிப் பிடிப்பது பெரும் வேலை.

இந்தக் கதையின் முதல் வரி எமது அயல் நாட்டில் எழுதப்பட்டது. இந்தியாவின் ஆக்ராவில் பணியாற்றிய ஏர்னெஸ்ற் ஹான்கின் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, கங்கை, யமுனை ஆறுகளின் நீர் வாந்திபேதிக் கிருமியைக் கொல்வதை அவதானித்து 1896இல் அறிக்கை வெளியிட்டார். அந்நீரைக் கொதிக்க வைத்தால் அச்சக்தி போய்விடுவதையும் கண்டார். அதற்கான காரணம் அப்போது எவருக்கும் தெரியவில்லை. 1915இல் இலண்டனில் பிரெடெரிக் ருவோற் என்பவரும், 1917இல் பாரிசில் பெலிக்ஸ் டி ஹெரேல் என்பவரும் தனித்தனியே ஃபேஜைக் கண்டறிந்தார்கள். டி ஹெரேல் 1927இல் இந்தியாவுக்கு வந்து பஞ்சாப்பில் வாந்திபேதி நோயாளருக்கு ஃபேஜைக் கொடுத்துப் பரிசோதித்தார். ஜோர்ஜியா நாட்டின் திபிலீசி நகரில் ஜோர்ஜ் எலியாவா 1923இல் நிறுவிய நிலையம் இன்றும் ஃபேஜ் சிகிச்சை அளித்து வருகின்றது.

பின்னர் பென்சிலின் வந்தது. ஒரே மருந்து பல கிருமிகளைக் கொன்றது, தயாரிப்பதும் இலகுவாயிற்று. பெரும்பாலான நாடுகள் ஃபேஜை மறந்துவிட்டன. இப்போது அன்ரிபயோட்டிக்கின் பலம் குறையக் குறைய, மறந்தது மீண்டும் நினைவுக்கு வந்திருக்கின்றது.

இருவரும் சேர்ந்தால் என்ன நடக்கும்?

ஃபேஜ் வந்துவிட்டால் அன்ரிபயோட்டிக் தேவையில்லை என்று சிலர் எண்ணலாம். ஆய்வுகள் காட்டுவது அப்படியல்ல. இதய வால்வுத் தொற்றில் இரண்டும் சேரும்போதே பலன் கூடுகின்றது.

சுவிற்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பார்ப்போம். எலிகளின் இதய வால்வில் சூடோமோனாஸ் என்னும் பிடிவாதமான கிருமியை வளர்த்து, சிலவற்றுக்கு ஃபேஜையும், சிலவற்றுக்குச் சிப்ரோபுளொக்சசின் மருந்தையும், சிலவற்றுக்கு இரண்டையும் சேர்த்தும் கொடுத்தார்கள். தனித்தனியே கொடுத்தபோது ஓரளவு பலன் கிடைத்தது. சேர்த்துக் கொடுத்தபோது 6 மணித்தியாலத்துக்குள் வால்விலிருந்த கிருமித் தொகை பத்து இலட்சத்தில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கியது. 11 எலிகளில் 7 குணமடைந்தன. ஃபேஜிடமிருந்து தப்புவதற்காகத் தம்மை மாற்றிக்கொண்ட கிருமிகள் நோயை உண்டாக்கும் வலுவையும் இழந்திருந்தன.

ஏன் இப்படி? இதனை விளங்கிக்கொள்ள அமெரிக்காவில் நடந்த ஒரு சிகிச்சை உதவும். அங்கே முதிய கண் வைத்தியர் ஒருவருக்கு, இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியில் பொருத்தப்பட்டிருந்த செயற்கைக் குழாயில் சூடோமோனாஸ் கிருமி குடியேறியிருந்தது. இது வால்வுத் தொற்றுக்கு நெருங்கிய உறவான நோய். ஆண்டுக்கணக்கில் அன்ரிபயோட்டிக் எடுத்தும் கிருமி போகவில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் சான், போல் ரேர்னர் ஆகியோர் கனெக்ரிக்கட் மாநிலத்தின் டொட்ஜ் குளத்து நீரில் ஒரு ஃபேஜைக் கண்டெடுத்திருந்தார்கள். 2016இல் அந்த ஃபேஜும் செப்ராசிடிம் என்ற அன்ரிபயோட்டிக்கும் சேர்த்து அவருக்குச் செலுத்தப்பட்டன. சில வாரங்களின் பின் இரத்தக் கசிவு ஏற்பட்டு அவருக்குச் சத்திர சிகிச்சை செய்ய நேர்ந்தது. அப்போது எடுத்துப் பார்த்த மாதிரியில் அந்தக் கிருமி இருக்கவில்லை. அதன் பின் அன்ரிபயோட்டிக்கை நிறுத்தியும் அத்தொற்று அவருக்குத் திரும்பவில்லை.

இந்த ஃபேஜின் தந்திரம் என்ன? ஓட்டைத் தோணியில் வரும் தண்ணீரைச் சிரட்டையால் அள்ளி வெளியே ஊற்றுவோம் அல்லவா? அதுபோல சூடோமோனாஸ் கிருமி தனக்குள் புகும் மருந்தை வெளியே அள்ளி ஊற்ற ஒரு பம்பை வைத்திருக்கின்றது. டொட்ஜ் குளத்து ஃபேஜ் அந்தப் பம்பைப் பிடித்துக்கொண்டுதான் கிருமிக்குள் நுழைகின்றது. அதனிடமிருந்து தப்ப வேண்டுமானால் கிருமி பம்பைக் கைவிட வேண்டும். பம்பைக் கைவிட்டால் மருந்து உள்ளே நிறைந்து கிருமி சாகும். பம்பை வைத்திருந்தால் ஃபேஜிடம் சாகும். ஒருவர் தனியே செய்ய முடியாததை இருவர் இரண்டு பக்கம் நின்று செய்கின்றார்கள். சில ஃபேஜ்களிடம் கிருமியின் பசைப் படலத்தைக் கரைக்கும் நொதியமும் உண்டு. அது மருந்துக்கு வழி திறந்துவிடும்.

எல்லாச் சேர்க்கையும் நன்மையாகாது என்பதையும் சொல்ல வேண்டும். ஃபேஜ் பெருகுவதற்குப் பற்றீரியா சிறிது நேரமாவது இயங்க வேண்டும். அந்த இயக்கத்தை நிறுத்தும் சில அன்ரிபயோட்டிக்குகள் ஃபேஜுக்குத் தடையாகலாம். எனவே எந்த ஃபேஜுடன் எந்த மருந்து என்பதை ஆய்வுகூடத்தில் முதலில் பார்த்தே முடிவு செய்கின்றார்கள்.

மனிதரில் இதுவரை கண்டது

எமது உறவுகள் பலர் வாழும் சிட்னியின் வெஸ்ற்மீட் வைத்தியசாலையில், கடுமையான ஸ்ரபிலோகொக்கஸ் தொற்றினால் பாதிக்கப்பட்ட 13 பேருக்கு மூன்று ஃபேஜ்கள் கலந்த மருந்து நாளத்தின் வழியாக நாளுக்கு இருமுறை, 14 நாட்கள் என்ற திட்டப்படி கொடுக்கப்பட்டது. அவர்களுள் இதய வால்வுத் தொற்று உள்ளவர்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் அன்ரிபயோட்டிக்கும் தொடர்ந்து கொடுக்கப்பட்டது. இதன் முடிவு 2020இல் வெளியானது. ஃபேஜினால் பாதகமான விளைவு எதுவும் காணப்படவில்லை. பலர் தேறினார்கள், சிலர் இறந்தார்கள். ஃபேஜ் கொடுக்காத நோயாளருடன் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வாக இது அமையவில்லை. ஆகவே இச்சிகிச்சை பாதுகாப்பானது என்பதற்கு இது நல்ல சான்று. குணமாக்கும் என்பதற்கு உறுதியான சான்றாக இதனைக் கொள்ள முடியாது.

பின்னடைவும் ஏற்பட்டிருக்கின்றது. ஃபேஜ் பற்றீரியாவை உடைக்கப் பயன்படுத்தும் நொதியத்தைப் போல எக்செபகேஸ் என்ற மருந்தைத் தயாரித்து, அன்ரிபயோட்டிக்குடன் சேர்த்து இரத்தத் தொற்றுக்கும் வால்வுத் தொற்றுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் வெளியான முதற்கட்ட முடிவுகள் நம்பிக்கை தந்தன. பெரிய அளவில் நடத்திய அடுத்த ஆய்வில் மேலதிகப் பலன் தெரியாததால் அது 2022இல் நிறுத்தப்பட்டது. அறிவியல் இப்படித்தான் நகர்கின்றது. ஒரு நோயாளி பிழைத்த செய்தியை வைத்துக்கொண்டு எல்லோரும் பிழைப்பார்கள் என்று சொல்லிவிட முடியாது.

ஒரு மனைவியின் தேடல்

ஃபேஜ் சிகிச்சை உலகின் கவனத்துக்கு வந்ததில் ஒரு பெண்ணுக்கு முக்கிய பங்குண்டு. அமெரிக்காவின் சான் டியாகோவில் வாழும் ஸ்ரெபனி ஸ்ராத்டி ஒரு நோய்ப்பரவல் ஆய்வாளர். 2015இன் இறுதியில் எகிப்துக்குச் சென்றபோது அவரது கணவர் தொம் பற்றர்சனை எந்த மருந்துக்கும் அடங்காத ஒரு கிருமி பற்றிக்கொண்டது. அவருடையது வால்வுத் தொற்றன்று. வயிற்றில் தொடங்கி உடலெங்கும் பரவியது. வைத்தியர்கள் நம்பிக்கை இழந்த நிலையில், ஸ்ரெபனி பழைய ஆய்வுகளைத் தேடிப் படித்து, உலகெங்குமுள்ள ஆய்வாளர்களுக்குக் கடிதம் எழுதினார். ரெக்சாஸ் பல்கலைக்கழகம் ஒன்றும் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடமும் ஃபேஜ்களைத் தயாரித்துக் கொடுத்தன. 2016 மார்ச்சில் அவை செலுத்தப்பட்டன. அவருக்கும் அன்ரிபயோட்டிக் சேர்த்தே கொடுக்கப்பட்டது. அவர் பிழைத்துக்கொண்டார்.

வாசிக்க மகிழ்ச்சியாக இருக்கின்றது. அத்துடன் இதில் ஒரு சமூக உண்மையும் உண்டு. அந்த மனைவிக்குப் படிப்பும், கேட்டால் பதில் எழுதும் நண்பர்களும், திறந்த ஆய்வுகூடங்களும் இருந்தன. தேடும் மன உறுதியில் எமது பெண்கள் எவருக்கும் குறைந்தவர்களில்லை. முகாம் முகாமாக, அலுவலகம் அலுவலகமாக ஆண்டுக்கணக்கில் தமது உறவுகளைத் தேடியவர்கள் அவர்கள். அவர்களிடம் இல்லாதிருப்பது தகவலும் வாய்ப்பும்தான்.

எமது நிலை என்ன?

ஃபேஜ் சிகிச்சை எமது வைத்தியசாலைகளில் வழமையாகக் கிடைக்கும் சிகிச்சை அல்ல. இந்தியாவில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கோபால் நாத் குழுவினர் ஆறாத நாட்பட்ட புண்களுக்கு ஃபேஜைப் பயன்படுத்தி முடிவுகளை வெளியிட்டுள்ளனர். தமிழ்நாட்டின் வேலூர் வி.ஐ.ரி. பல்கலைக்கழகத்திலும் ரமேஷ் நாச்சிமுத்து, பிரசாந்த் மனோகர் ஆகியோர் ஃபேஜ் ஆய்வில் ஈடுபட்டிருந்தனர். இதய வால்வுத் தொற்றுக்கு இதனை நாளைக்கே பெற்றுவிடலாம் என்று எவராவது சொல்லிப் பணம் கேட்டால் நகையையோ காணியையோ ஈடு வைத்துவிடாதீர்கள். இருதய நோய் வைத்திய நிபுணரிடம் முதலில் கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். எமது வாவி நீரிலும், குளத்திலும், சாக்கடையிலும் கோடிக்கணக்கில் ஃபேஜ்கள் உள்ளன. ஆய்வாளர்கள் ஃபேஜைத் தேடிப் போவதும் இத்தகைய இடங்களுக்கே. அதற்காக வாவித் தண்ணீரைக் குடிப்பதோ புண்ணில் ஊற்றுவதோ மருந்தாகிவிடாது. அதில் நோய்க்கிருமிகளும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு ஃபேஜைப் பிரித்து, சுத்திகரித்து, நோயாளியின் கிருமிக்குப் பொருந்துகின்றதா என்று பார்த்த பின்பே அது மருந்தாகும்.

நாம் இப்போது செய்யக் கூடியவை

புதிய துணை வந்து சேரும் வரை பழைய மருந்தின் பலத்தைக் காப்பாற்றி வைப்பது எமது கையில் உள்ளது. துணை வந்த பின்னும் அந்த மருந்து தேவைப்படும் என்பதை மேலே கண்டோம்.

1. காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேல் விட்டுவிட்டு வந்தாலோ, இரவில் வியர்த்துக் கொட்டி, பசியின்றி, மெலிந்து, மூச்சு வாங்கினாலோ வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வால்வு நோயுள்ளவர்கள் ஒரு வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.

2. வால்வு பழுது, வால்வு மாற்றிய சத்திர சிகிச்சை, சிறு வயதில் வாதக் காய்ச்சல் ஆகியவற்றுள் எது இருந்தாலும் எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள்.

3. இந்நோயைக் கண்டுபிடிக்க இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையும் எக்கோ சோதனையும் முக்கியம். முன்கூட்டியே பாமசியில் அன்ரிபயோட்டிக் வாங்கி விழுங்கினால் இரத்தச் சோதனையில் கிருமி பிடிபடாமல் போகலாம். எந்தக் கிருமி என்று தெரியாவிட்டால் சரியான மருந்தைத் தெரிவது கடினமாகும்.

4. மருந்தைச் சொன்ன நாள் வரை முடியுங்கள். சுகம் வந்துவிட்டது என்று நடுவில் துண்டு வெட்டிக்கொண்டு வராதீர்கள்.

5. வாதக் காய்ச்சல் வந்தவர்களுக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போடப்படுகின்றது. இது பல ஆண்டுகள் தொடர வேண்டியது. வால்வு பழுதடைந்தவர்களுக்கு 40 வயது வரையும் தேவைப்படலாம். திருமணம், பிள்ளைப்பேறு, வெளிநாட்டுப் பயணம் என்று காரணம் சொல்லி நிறுத்தாமல் வைத்தியரைக் கேட்டே முடிவெடுங்கள்.

6. காலையும் இரவும் பல் துலக்குங்கள். வெற்றிலை போடுபவர்கள் முரசைக் கவனிக்க வேண்டும். பல் பிடுங்கும் முன் வால்வு நோய் உள்ளதைப் பல் வைத்தியரிடம் சொன்னால், தேவையானவர்களுக்கு முன்கூட்டியே மருந்து தருவார்.

7. பிள்ளைக்குத் தொண்டை நோவுடன் காய்ச்சல் வந்தால் வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள். அதற்குப் பின் மூட்டு வீங்கினால் வளரும் பிள்ளையின் கால் நோவு என்று விட்டுவிடாதீர்கள்.

8. கர்ப்பம் தரிக்க எண்ணும் வால்வு நோயுள்ள பெண்கள் முன்கூட்டியே இருதய கிளினிக்கில் ஆலோசனை பெறுங்கள். கர்ப்ப காலத்தில் மூச்சு வாங்கினால் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே கூறுங்கள்.

இந்த எட்டில் நான்காவதுதான் தனி ஒரு பெண்ணால் மட்டும் முடியாதது. ஆறு வாரம் வாட்டில் கிடக்கும் தாய்க்கு வைத்தியசாலை மருந்தைத் தரும், கட்டிலையும் தரும். அவளது பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கித் தராது. அதனைச் செய்ய வேண்டியவர்கள் அயலவரும் சங்கமும்தான். ஒரு கிராமத்தில் பத்துப் பெண்கள் இருந்தால் முறை வைத்து ஆளுக்கொரு நாள் அந்த வீட்டு அடுப்பை மூட்டலாம். ஒருவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பலாம், ஒருவர் வாட்டுக்குப் போய் வரலாம். சங்கம் கடன் தவணையை இரண்டு மாதம் தள்ளி வைக்கலாம். பென்சிலின் ஊசித் திகதியைச் சங்கக் கொப்பியில் எழுதி வைத்து நினைவூட்டலாம். இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு கூட்டத்தில் அரை மணித்தியாலம் பேசி, யார் எதைச் செய்வது என்று தீர்மானித்தால் போதும்.

தனியே நின்ற மருந்து தோற்ற இடத்தில் ஒரு துணை சேர்ந்தபோது கிருமி தோற்றதை ஆய்வாளர்கள் கண்டார்கள். எமது கிராமங்களில் நோயுற்ற பெண்ணுக்குத் தேவைப்படும் துணை வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதனை ஒரு விடயமாக எடுத்துப் பேசுவோம். “நான் படுத்துட்டா ஆர் சோறாக்கிறது?” என்று கேட்கும் சகோதரிக்கு, “நாங்க ஆக்குறம், நீ மருந்தை முடிச்சிட்டு வா” என்று சொல்லக்கூடிய பத்துப் பெண்கள் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கட்டும்.